கட்டில் காலில் கடைந்த குழல்

டிரசர் சவரிமுத்து தலையை நிமிர்த்தினார். காதோரம் வழிந்த வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்ல முடியல" என்றார்.

பாயில் படுத்திருந்த அண்ணி செல்லம்மா அவர் முகத்தையே பார்த்தார். எட்டு மாத வயிறு. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, துணிமேல் காதை அழுத்தி, டிரசர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். கொழுந்தன் அதற்குமேல் உள்ளே போவது வழக்கமில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று அப்போது இருந்தவன் நான் ஒருவன்தான். டிரசர் என்ன சொல்கிறாரோ அதன்படி ஓட வேண்டியவனும் நான்தான்.

"உயிர் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கய்யா" என்றார் அண்ணி.

"எனக்கு என் ரத்தம் ஓடுற சத்தம் கேக்குது. ஒன் குடல் இரையிற சத்தம் கேக்குது. அதுக்குப் பின்னால என்னமோ இருக்கிற மாதிரி இருக்கு. அதை நம்பி நான் எதையும் சொல்லக் கூடாதும்மா."

அந்த 'என்னமோ'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்தவரை விடாமல் அதைப் பற்றியே கேட்டேன். எந்தப் பக்கம் கேட்டது, வேகமாகவா மெதுவாகவா, விட்டு விட்டா தொடர்ந்தா? டிரசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கேட்டது வயிற்றைப் பற்றி அல்ல, ஏதோ எஞ்சினைப் பற்றி என்பதுபோல் இருந்திருக்கும். உண்மையும் அதுதான். நான் தோட்டத்தின் பிட்டர். எஞ்சினுக்குள் 'என்னமோ' கேட்டால் அது எது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

அண்ணன் இல்லாத வீடு

இது ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தின் நடுப்பகுதி. எங்கள் ரப்பர் தோட்டம் சுவா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருந்தது. ரப்பர் வாங்க ஆள் இல்லாததால் பால்மரங்கள் சும்மா நின்றன. மரங்களுக்கு இடையிலும், தொழிலாளர் லயத்து வாசலிலும், துரை பந்து விளையாடிய புல்வெளியிலும்கூட மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி. சோறு என்ற சொல்லைப் பிள்ளைகள் முன்னால் யாரும் எடுப்பதில்லை.

அண்ணன் கோவிந்தனைச் சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ரயில் பாதை போடும் வேலை, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். அண்ணி பிள்ளையுண்டாகியிருப்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. அதை அவருக்குச் சொல்லியனுப்ப வழி எதுவும் இல்லை. அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையே யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு மலேரியா வந்தது. அண்ணிக்குக் குளிர்க் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. கொயினா மாத்திரை கிடைப்பது குதிரைக்கொம்பு. டிரசர் எங்கிருந்தோ கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. இறங்கிய பிறகுதான் வயிற்றில் பிள்ளை அசையவே இல்லை என்று அண்ணி சொன்னார்.

டிரசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அந்தக் காலத்தில் எங்களுக்கு டாக்டர், நர்ஸ் எல்லாம் அவர்தான். அவர் என்னை மரத்தடிக்கு அழைத்துப்போய், ஒளிக்காமல் சொன்னார். பிள்ளை உள்ளே இறந்திருந்தால் தாயின் உடம்பில் நஞ்சு ஏறும். உடனே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உயிரோடு இருந்தால் இந்தப் பலவீனமான உடம்பை மாட்டு வண்டியில் போட்டு அந்தக் குண்டும் குழியுமான சாலையில் குலுக்கவே கூடாது. வழியிலேயே வலி எடுத்து இரண்டு உயிரும் போய்விடலாம். சிரம்பானில் இடம் கொடுப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. வழியில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்பதும் தெரியாது.

"போறதா, இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தம்பி அந்தச் சத்தம் சொல்லணும்" என்றார்.

குழாய் கதை

அவருடைய ஸ்டெதஸ்கோப் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். அது இருந்தது. அதன் ரப்பர் குழாய்கள்தான் இல்லை. பழசாகி வெடித்துத் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டன. புதுக் குழாய் கப்பலில் வந்தால்தான் உண்டு, கப்பல் வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம் நிற்கிற இடத்தில், ஒரு முழம் ரப்பர் குழாய் இல்லாமல் எங்கள் டிரசர் காதை வயிற்றில் வைத்துக் கேட்டார்.

செய்து பார்க்காமலும் இல்லை. பால் வெட்டுக்காரி பாக்கியம் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை ரப்பர் பாலில் தோய்த்துத் தோய்த்துக் காயவைத்து, உருவி எடுத்து, அழகான குழாய் ஒன்று கொண்டுவந்தாள். வெயில் ஏறியதும் அது இளகி, ஓட்டைகள் ஒட்டிக்கொண்டு, கடைசியில் வெல்லப்பாகு மாதிரி டிரசரின் சட்டைப் பையில் உட்கார்ந்துவிட்டது. சீமையில் அதில் எதையோ கலந்து வேகவைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எதை என்று தெரியாது.

எஞ்சினில் சத்தம் கேட்க நாங்கள் குழாய் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சின் உடம்பில் ஊன்றி, மறு முனையைக் காதெலும்பில் வைப்போம். உள்ளே சுற்றுவது, உரசுவது, தட்டுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். இதை டிரசரிடம் சொன்னேன். கம்பியை வயிற்றில் ஊன்ற முடியாது. மரத்தில் ஏதாவது செய்ய முடியுமா?

அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பாதிரியார் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பழகியபோது, வெள்ளைக்கார மருத்துவச்சி ஒருத்தி ஒரு மரக் குழலை வயிற்றில் வைத்துக் கேட்பாளாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். ஒரு பக்கம் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும், மறுபக்கம் காது வைக்கத் தட்டை, நடுவில் நேராக ஒரு துளை. எடை இருக்காது, கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும் என்றார். அவர் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அவள் வைத்துவிட்டுப் போனதை எடுத்துப் பார்த்ததற்கே திட்டு வாங்கியதாகச் சொன்னார்.

மண்ணில் ஒரு குச்சியால் அதை வரைந்து காட்டினார். விரிந்த பகுதியின் சுவர் எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். தன் காது மடலைப் பிடித்துக் காட்டினார்.

இரும்பு வேறு, மரம் வேறு

கடைசல் மெஷின் ஒன்று எங்கள் பட்டறையில் இருந்தது. ஓட்டத்தான் எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷினிலிருந்து ஒரு பெரிய சக்கரத்தைக் கழற்றி, கைப்பிடி வைத்து, கயிற்றுப் பட்டையால் இணைத்திருந்தேன். ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, நான் கடைவேன். ஜப்பான்காரனுக்கு மண்வெட்டிக் காம்பு செய்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் என்னைச் சயாமுக்கு ஏற்றாமல் விட்டார்கள். ஆண்கள் குறைந்துபோனதால், ஆட்களை வேலைக்கு ஏவும் மண்டோர், சக்கரம் சுற்றப் பாக்கியத்தை அனுப்பியிருந்தார். நல்ல கைவலு. சக்கரம் ஒரே சீராகச் சுற்றும், வாயும் அப்படித்தான்.

நான் தொழில் பழகியது சிரம்பான் தெமியாங்கில், ஒரு சீனர் பட்டறையில். அங்கே கடைந்தது எல்லாம் இரும்பும் பித்தளையும். இரும்பு நேர்மையானது. அதிகமாக வெட்டினால் கத்தும், சூடேறும், நிறம் மாறும். மரம் அப்படியில்லை என்பதைக் காம்பு கடையும்போதே கண்டிருந்தேன். ஆனால் காம்பு தடிமனான சாமான், எதையும் தாங்கிக்கொள்ளும். காது மடல் தடிமனில் மரத்தைக் கடைவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

முதலில் பச்சை ரப்பர் மரத்தை எடுத்தேன். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. விரிந்த வாய் அழகாக வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. வெயிலில் வைத்துவிட்டு மரவள்ளி தின்னப் போய் வந்து பார்த்தால், வாய் முட்டை வடிவமாகக் கோணி, விளிம்பிலிருந்து இடுப்பு வரை பிளந்து கிடந்தது.

காய்ந்த மரம் வேண்டும். நல்ல மரத்தையெல்லாம் ராணுவம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பாக்கியம்தான் சொன்னாள், லயத்துக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருப்பது துரை பங்களாக் கட்டிலின் கால் என்று. துரை ஓடிப்போன வாரத்தில் பங்களாவிலிருந்து போன சாமான்களில் அதுவும் ஒன்று. போய்ப் பிடுங்கி வந்தேன். என்ன மரம் என்று இன்றைக்கும் தெரியாது. செம்பழுப்பு நிறம், மணிக்கட்டுத் தடிமன், எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்றதால் ஒரு பக்கம் நீளவாக்கில் கீறல் விட்டிருந்தது. கீறல் இல்லாத இடமாகப் பார்த்து எடுக்கலாம் என்றால் நீளம் போதவில்லை.

நகம் சுரண்டிய சத்தம்

அறுத்தெடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கீறல் இருந்தால் சத்தம் வருமா? உடைந்த மணி அடிக்காது அல்லவா? பாக்கியத்தை ஒரு முனையில் நகத்தால் சுரண்டச் சொல்லிவிட்டு மறு முனையில் காதை வைத்தேன்.

கேட்டது. மெதுவாகச் சுரண்டினாலும், காதுக்குள்ளேயே சுரண்டுவதுபோல் கேட்டது. ஆனால் கீறல் இருக்கும் பக்கம் அவள் நகத்தைக் கொண்டுபோனதும் சத்தம் செத்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தால் உயிர் வந்தது. நம்ப முடியாமல் அவளைக் கேட்கச் சொல்லி நான் சுரண்டினேன். அவளுக்கும் அப்படியே. செய்ய வேண்டிய வேலையை மறந்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இதையே விளையாடிக்கொண்டிருந்தோம் என்று எழுதினால் தப்பில்லை. அவள் எதையோ சுரண்டி எழுதிவிட்டு, என்ன எழுதினேன் சொல் என்றாள். எனக்குத் தெரியவில்லை. என்ன எழுதினாள் என்று எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் சொல்லவில்லை.

கீறலை அடைக்க வேண்டும் என்பது புரிந்தது. மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்தில் படகுக்குப் பூசும் குங்கிலியம் வாங்கி, உருக்கி, அதே மரத்தின் தூளைக் கலந்து, கீறலுக்குள் சூடாக ஊற்றினேன். ஆறியதும் மறுபடி நகத்தால் சுரண்டினோம். முழு உயிர் வரவில்லை. ஆனால் முன்புபோல் சாகவும் இல்லை.

கட்டிக் கட்டிக் கடைந்தது

அடைத்துவிட்டால் ஒட்டிவிட்டதாக அர்த்தமில்லை. சுற்றுகிற வேகத்தில் உளி பட்டால் பிளந்து முகத்தில் அடிக்கும். மேலே வெட்டிக்கொண்டே மேலேயே எப்படிக் கட்டுவது?

நான் இதைச் சொல்லிப் புலம்பியதும் பாக்கியம் போய், பழைய சேலைக் கரையைக் கிழித்து, பாலில் நனைத்துக் கொண்டுவந்தாள். மரத்தை இறுக்கிச் சுற்றிக் காயவிட்டாள். ரப்பர் காயக் காயச் சுருங்கி, துண்டு முழுவதையும் கைமுஷ்டி மாதிரிப் பிடித்துக்கொண்டது.

"எங்க வெட்டணுமோ அங்க மட்டும் அவுத்துக்கங்க பிட்டரே. வெட்டி முடிச்சு மறுபடி கட்டிட்டு, அடுத்ததை அவுத்துக்கங்க" என்றாள்.

அப்படித்தான் செய்தேன். விரல் அகலம் அவிழ்ப்பேன், கடைவேன், திரும்பக் கட்டுவேன், அடுத்த விரல் அகலம். ஒரு மண்வெட்டிக் காம்பு கடையும் நேரத்தில் ஒரு கட்டு நகர்வதே பெரும்பாடு. ஆனால் கீறல் வாய் திறக்கவில்லை.

துளையை முதலிலேயே போட்டுவிட்டேன். மரம் தடியாக இருக்கும்போது போட்டால்தான் தாங்கும் என்று தோன்றியது. குடைக் கம்பியைத் தட்டிக் கூர்மையாக்கி, இரு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தேன். நடுவில் இரண்டும் சந்தித்து, ஊதினால் காற்று மறுபக்கம் வந்தபோது, பாக்கியம் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து தானும் ஒருமுறை ஊதிப் பார்த்தாள்.

பிறகு அந்தத் துளைக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிவிட்டு வெளிப்பக்கத்தைக் கடைந்தேன். உள்ளே ஒரு முதுகெலும்பு இருந்தால் வெளியே இளைக்கலாம். இடுப்புப் பகுதி மெலிய மெலிய, அது கயிறு மாதிரித் துள்ள ஆரம்பித்தது. ஒரு பலகையில் பிறை வடிவமாக வெட்டி, அதில் தோல் ஒட்டி, தேங்காயெண்ணெய் தடவி, இடுப்புக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். அதுவும் போதாமல் இடது கை விரல்களை மரத்தின் பின்னால் வளைத்துப் பிடித்து, உளி தள்ளுகிற அளவுக்கு விரல் எதிர்த்துத் தள்ளும்படி வைத்துக்கொண்டேன். விரல் தோல் கன்றிப் பொசுங்கியது. ஆனால் அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது: மரம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கண்ணைவிட விரல் முன்னால் சொல்கிறது. விரலைவிடக் காது முன்னால் சொல்கிறது. தடியான மரம் உளியில் முணுமுணுக்கும். மெலியும்போது பாடத் தொடங்கும். குரல் உச்சத்துக்கு ஏறினால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விரிந்த வாய்தான் மிச்சம். உட்புறத்தைக் குடைந்தாயிற்று, வெளிப்புறத்தை இளைக்க வேண்டும். அந்த நேரத்தில் பட்டறை வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

வந்தவன் ஊதிப் பார்த்தான்

சாலைக் காவலில் இருந்த சிப்பாய், காம்பு வாங்கிப்போக வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் மண்டோர். என் வயசுதான் இருக்கும் அவனுக்கு. காம்புகளை எண்ணி முடித்தவன், மெஷினில் இருந்ததைக் காட்டித் தன் பாஷையில் ஏதோ கேட்டான்.

வானொலி கேட்டதற்காக ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலம். கேட்பதற்கான குழல் என்று சொன்னால் எங்கே போய் முடியும்? மண்டோர் என்னைப் பார்த்தார். நான் எண்ணெய் ஊற்றுவதுபோல் கையால் காட்டினேன். புனல்.

அவன் மெஷினிலிருந்து கழற்றச் சொன்னான். கழற்றிக் கொடுத்தேன். கண்ணில் வைத்துத் துளை வழியே வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு, நாங்கள் எதிர்பாராமல், அதை வாயில் வைத்து எக்காளம்போல் ஊதினான். காற்றுதான் வந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மேஜைமேல் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான்.

மெதுவாகத்தான் போட்டான். ஆனால் விரிந்த வாயின் விளிம்பு இரும்பில் பட்டது. குங்கிலியம் உதிர்ந்து, கீறல் விளிம்பு வரைக்கும் ஓடி, நகம் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டது.

பாக்கியம் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். கட்டில் காலின் மிச்சம் முழுக்கக் கீறல், அதில் எடுக்க வேறு துண்டு இல்லை. டிரசர் அதற்குள் சுவாவில் மாட்டு வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் வண்டி வந்துவிடும். அதற்குள் எதுவும் தெரியாவிட்டால் அண்ணியை ஏற்றிவிடுவது என்று முடிவு.

இத்தனை நேரம் நான் வெளியே கட்டி உள்ளே காற்றை விட்டிருந்தேன். விரிந்த வாய்க்குள் தாங்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஒரு தட்டுக்கு விட்டுப்போயிற்று. பச்சை ரப்பர் மரத்தில் வாயின் உட்புறத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு அடைப்பு கடைந்தேன். அதன்மேல் பாக்கியம் கொண்டுவந்த ரப்பர் பாலைப் பூசி, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும்போதே வாய்க்குள் திருகி ஏற்றினேன். கீறலில் மறுபடி குங்கிலியம் ஊற்றி, மேலே கட்டினோம். இப்போது மெல்லிய சுவருக்கு உள்ளே ஒரு மெத்தை. உளியை வைத்ததும் மரம் பாடவில்லை, முணுமுணுத்தது. துளி துளியாகச் சீவினேன். சீவல் வெங்காயத் தோல் மாதிரி வந்தது.

வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அடைப்பைத் திருகி வெளியே எடுத்தேன். கீறலின் மேல் ஒரே ஒரு கட்டை மட்டும் அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். உள்ளங்கையில் வைத்தேன். டிரசர் சொன்னது சரிதான், எடையே இல்லை.

அண்ணி கூப்பிட்டார்

வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். டிரசர் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். யாரோ ஓடிப்போய் பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்தினார்கள். அவர் மண்டியிட்டு, குழலின் விரிந்த வாயை வயிற்றில் வைத்து, கையை எடுத்துவிட்டு, காதால் மட்டும் அழுத்திக் கேட்டார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்குது. ஆனா நான் கேக்கணும்னு ஆசைப்பட்டு உக்காந்திருக்கேன், என்னை நானே நம்ப முடியல. நீ மெஷினு கேட்டுப் பழகின காது. வந்து கேளு தம்பி."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அசையவில்லை. அண்ணிதான் தலையைத் திருப்பி, "வா தம்பி. நீ செஞ்சதுதானே, நீயே கேளு" என்றார்.

மண்டியிட்டுக் காதை வைத்தேன். முதலில் கடல் மாதிரி ஒரு இரைச்சல். அதைத் தள்ளிவைத்தேன். பிறகு மெதுவான, கனமான ஒரு துடிப்பு, அது அண்ணியுடையது. அதையும் தள்ளிவைத்தேன். அதற்குப் பின்னால், மழை பெய்து ஓய்ந்த காலையில் அடுத்த தோட்டத்து எஞ்சின் ஓடுவது இங்கே கேட்குமே, அதுபோல, தூரமாக, சின்னதாக, அவசர அவசரமாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையில் விரலால் அதன் வேகத்துக்குத் தட்டினேன். டிரசர் என் விரலைப் பார்த்தார். "அதேதான்" என்றார். "நானும் அதைத்தான் கேட்டேன்."

"இருக்கு அண்ணி" என்றேன்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, தன்னால் அதைக் கேட்க முடியுமா என்று கேட்டார். குழலை எப்படி எப்படியோ வைத்துப் பார்த்தோம். தன் வயிற்றில் தன் காதை வைக்க யாராலும் முடியாது. அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருத்தியிடமும் அண்ணி, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருத்தி குருவி மாதிரி என்றாள். ஒருத்தி தையல் மெஷின் என்றாள். பாக்கியம் மட்டும் அண்ணியின் உள்ளங்கையைப் பிடித்து அதில் தன் விரல் நுனியால் அந்த வேகத்தில் தட்டிக் காட்டினாள்.

விடிந்ததும் வண்டி வந்தது. வண்டிக்காரருக்கு மரவள்ளி கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

பிள்ளை, டிரசர் சொன்ன நாளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஒரு முற்பகலில் பிறந்தது. பெண். ஆள் சிறிசு, குரல் பெரிசு. டிரசர் அந்தக் குழலைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் பல பெண்களுக்கு அதை வைத்துக் கேட்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்து புதுக் குழாய்கள் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது அதுவும் அவரோடு போயிற்று.

வாசலில் நின்றவர்

ஜப்பான்காரன் தோற்றுப்போய்ச் சில மாதங்கள் ஆகியிருக்கும். நான் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கோணிச்சாக்கை வேட்டியாகக் கட்டியிருந்தார். கால்களில் இலைகளை வைத்துத் துணி சுற்றியிருந்தார். முதுகைப் பார்த்து யாரோ பிச்சைக்காரர் என்றுதான் நினைத்தேன்.

வாசற்படியில் பிள்ளை உட்கார்ந்து அவித்த மரவள்ளியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவளிடம் குனிந்து, பெரியவர்களிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார்.

"இந்த வீட்டுல முன்னே செல்லம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

தன் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். குரலைக் கேட்டதும் என் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

பிள்ளை உள்ளே கையைக் காட்டி, "அம்மா" என்றாள்.

அண்ணி வெளியே வந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். மனசுக்குள் மாதங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதே" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு வந்து சொல்லியிருப்பா?" என்றார் அண்ணி. "பாப்பான்னுதான் கூப்பிடுறோம். பேரு நீங்க வந்து வைக்கணும்னு விட்டு வச்சிருக்கேன்."

அண்ணன் படியில், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளை அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கடித்து மிச்சம் வைத்திருந்த மரவள்ளித் துண்டை அவரிடம் நீட்டினாள். அண்ணன் வாங்கி, மெதுவாக, ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் தின்று முடித்தார். தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார்.